ஒரு குண்டூசித் துளையும் நான்கு தூண்களும்: வாசிகசாலைப் படம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு ஊர். வாசிகசாலைச் சபையினர் கேட்டுக்கொண்டதால் பெயரை எழுதவில்லை. அந்த ஊரில் 1960களில் கட்டிய வாசிகசாலை ஒன்று இருக்கிறது. யுத்த காலத்தில் செல் விழுந்து முகப்பு நொறுங்கிப் போனது. முன்விறாந்தை, தூண்கள், மேலே ஊர்ப்பெயர் எழுதியிருந்த கட்டைச்சுவர் எல்லாம் போய்விட்டன. பின்மண்டபமும் இரண்டு பக்கச் சுவர்களும் தப்பின. திரும்பி வந்த சனம் முன்பக்கத்தைச் சீமெந்துக் கல்லால் அடைத்து, மேலே தகரம் போட்டு, பேப்பர் படிக்கத் தொடங்கிவிட்டது. அப்படியே இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

பிறகு வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் காசு சேர்த்தார்கள். "முன்னம் இருந்த மாதிரியே முகப்பைக் கட்ட வேணும்" என்று கூட்டத்தில் தீர்மானித்தார்கள். முன்னம் எப்படி இருந்தது என்று கேட்டால் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு முகப்பு இருந்தது. பிளான் யாரிடமும் இல்லை. முகப்பு தெளிவாக விழுந்த போட்டோவும் இல்லை.

செயலாளர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "அந்தக் கட்டடத்துக்குப் படம் கீறினவர் செத்துப்போனார். ஆனா வீட்டிலை ஒரு படம் கிடக்குதாம். நீங்கள் ஒருக்கா வந்து பாக்கேலுமோ?"

நான் முன்பு படவரைஞராக வேலை செய்தேன். இப்போது பழைய கட்டட வரைபடங்களைத் துப்பரவாக்கி, படியெடுத்து, விவரம் எழுதி வைப்பதுதான் வேலை. கையில் எடுத்த தாள்கள் நிறைய. இந்த ஒரு தாளோடு மட்டும் எட்டு மாதம் இருந்தேன். அந்த எட்டு மாதத்தில் செய்தவற்றையும், முடிவு எப்படி வந்தது என்பதையும், நான் உடன்படாத இடத்தையும் இங்கே எழுதுகிறேன். இதே மாதிரித் தாள்கள் இன்னும் பல வீடுகளின் பரணில் கிடக்கின்றன என்பது எனக்குத் தெரியும்.

குழாய்

படம் கீறியவரின் மனைவிக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. விறாந்தையில் இருத்தி, தேத்தண்ணி தந்து, பிறகுதான் குழாயை எடுத்துவந்தார். தகரத்தில் செய்து, இரண்டு பக்கமும் மூடி போட்ட நீட்டுக் குழாய். ஒரு மூடியின் ஓரம் கறள் பிடித்திருந்தது. உள்ளே பூச்சி உருண்டையின் வாசம்.

"தொண்ணூற்றைந்திலை வெளிக்கிடேக்கை உறுதியும் நகையும் என்ரை பையிலை. இதை அவர் சைக்கிள் பாருக்குக் கட்டினவர். மழை பிள்ளை. மூடியிலை மெழுகு உருக்கி ஊத்திப்போட்டுத்தான் கட்டினவர்."

1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்துச் சனம் முழுதும் யுத்தத்தில் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கம் நடந்ததை அறிந்தவர்களுக்கு, அந்த நாளில் கையில் எடுத்துப் போகக்கூடியது எவ்வளவு குறைவு என்று தெரியும். காணி உறுதி, அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப்பத்திரம், ஒரு சட்டி, ஒரு பாய். அவற்றோடு இந்த மனிதர் ஒரு குழாய் நிறையப் படம் கொண்டுபோயிருக்கிறார்.

குழாயில் ஏழு தாள்கள் இருந்தன. ஐந்து, வேறு வீடுகளுக்கான அமோனியா பிரின்ட், அதாவது அமோனியா ஆவியில் எடுத்த படி. ஒன்று ஒரு கோயில் மடத்தின் வெட்டுமுகம். ஏழாவதுதான் வாசிகசாலை. ரேசிங் பேப்பரில் கறுப்பு மை. ஏறக்குறைய 30 அங்குலம் நீளம், 22 அங்குலம் உயரம். வலது கீழ் மூலையில் 1963 என்ற ஆண்டும் இரண்டு எழுத்துக் கையொப்பமும். பிளான் இல்லை, வெட்டுமுகம் இல்லை. பேர்ஸ்பெக்டிவ், அதாவது தோற்றப்படம் மட்டும்.

எட்டாவது தாளும் ஒன்று இருந்ததாம். பழைய ஆள் ஒருவரின் வீட்டு பிளான். "பழுதாகாமல் இருக்கட்டும்" என்று யாரோ பட்டணத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோய் லெமினேற் செய்துவிட்டார்கள். எனக்கும் காட்டினார்கள். சூட்டில் அமோனியா பிரின்டின் பின்னணி மண்ணிறமாகிவிட்டது, கோடுகள் மங்கிவிட்டன. தாளையும் பிளாஸ்ரிக்கையும் இனிப் பிரிக்க முடியாது. நல்ல மனதோடு செய்ததுதான். இருந்தாலும் பார்க்கும்போது வயிறு எரிந்தது. தயவுசெய்து எந்தப் பழைய படத்தையும் லெமினேற் செய்யாதீர்கள்.

ஏன் இந்தத் தாள் மட்டும் தொலைந்துபோகிறது

படம் கீறுகிற அலுவலகங்களில் இதைப் பேர்ஸ்பெக்டிவ் என்றே சொல்வோம். தமிழில் தோற்றப்படம் என்று சொல்லலாம். பிளான் மேசனுக்கும் உள்ளூராட்சி சபைக்கும் உரியது. தோற்றப்படம், பிளான் வாசிக்கத் தெரியாத ஆளுக்காகக் கீறப்படுவது. வீட்டுக்காரர், கோயில் தர்மகர்த்தா, வாசிகசாலைத் தலைவர் போன்றவர்களின் முன்னால் விரித்து, "கட்டி முடிந்தால் றோட்டில் நின்று பார்க்க இப்படித்தான் இருக்கும்" என்று காட்டுவதற்கான தாள். ஒரு வகையில் அது வாக்குறுதி.

சட்டம் அந்த வாக்குறுதியைக் கேட்பதில்லை. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உள்ளூராட்சி சபைக்குக் கட்டட அனுமதிக்குப் போவது தளப்படம், வெட்டுமுகம், முகப்புப் படம், காணிப் படம். சபைக் கோப்பில் ஒரு படி தங்குவதற்கு வாய்ப்பு உண்டு. தோற்றப்படத்தை யாரும் கேட்பதில்லை, ஆகவே கோப்பில் ஏறுவதும் இல்லை. காணி வழக்குக்கும் உதவாது. வேலை முடிந்ததும் அது படம் கீறினவரின் வீட்டுக்கோ, முதலாளியின் சுவருக்கோ, அடுப்புக்கோ போகும்.

செயலாளர் என்னிடம், "லைப்ரரியைத் திருப்பிக் கட்டினவை தானே, அதுமாதிரி இதையும் கட்டேலாதோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. யாழ்ப்பாணப் பொது நூலகத்தை வடிவமைத்தவர் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன். உள்ளே நூலகம் எப்படி இயங்க வேண்டும் என்பதற்கு நூலகவியலாளர் எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனை கிடைத்தது. 1954இல் அடிக்கல் நாட்டி, 1959 ஒக்டோபர் 11 அன்று திறந்தார்கள். 1981 மே 31 இரவு எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாகின. நூல்கள் போனாலும் கட்டடத்தின் கூடு நின்றது. கருகிய சுவரும் வளைவும் தாங்களே அளவு சொல்லும் வரைபடமாக நின்றன. இந்த ஊர் வாசிகசாலைக்கு முகப்பில் ஒரு கல்லும் நிற்கவில்லை. செயலாளருக்கு இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

தூர இடத்தில் ஒரு படி இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு எங்கள் யாழ்ப்பாணக் கோட்டையே சாட்சி. போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1658இல் பிடித்த ஒல்லாந்தர் அதை ஐங்கோணமாகத் திருத்திக் கட்டினார்கள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வழக்கப்படி வரைபடங்களின் படிகள் தாயகத்துக்குப் போயின. இன்று யாழ்ப்பாணக் கோட்டையின் பழைய படங்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஹேக் நகரிலுள்ள நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். 1706இல் உள்ளே எழுந்த சிலுவை வடிவத் தேவாலயம் யுத்தத்தில் அழிந்துவிட்டது. தாள் அங்கே இருக்கிறது, கல் இங்கே இல்லை.

இன்னொரு விஷயமும் மனதில் கிடந்து உறுத்துகிறது. யாழ்ப்பாண மணிக்கூட்டுக் கோபுரம் என்றால் கட்டடக் கலைஞர் ஸ்மிதர் வடிவமைத்தது என்கிறோம். 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுந்த கோபுரம் அது. கொழும்பு நூதனசாலையும் அவருடைய வடிவமைப்புத்தான். அந்த அலுவலகத்தில் மை போட்ட கைகள் யாருடையவை என்று நாங்கள் கேட்பதில்லை. அவுஸ்திரேலியாவின் கன்பரா நகரத்துக்கான போட்டியில் 1912இல் வென்றவர் வால்டர் பேர்லி கிரிஃபின். நடுவர்களின் முன்னால் விரிந்த அந்தப் பெரிய தோற்றப்படங்களைக் கீறியவர் அவருடைய மனைவி மேரியன் மஹோனி. அவை அந்த நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருப்பதால்தான் அந்தக் கைக்கு இன்று பெயர் இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் அலுவலகத்துப் படங்களிலும் மரங்களைப் பார்த்தால் ஓவியர் லக்கி சேனநாயக்கவின் கையை அடையாளம் காணலாம். 2022இல் கொழும்பில் அந்த ஆவணங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது வந்தவர்கள் கட்டடத்தை விட்டு மரங்களையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாலும் நான் அதிசயப்படமாட்டேன். எங்கள் வாசிகசாலைத் தாளில் கட்டடக் கலைஞர் என்று ஒருவரும் இல்லை. ஊர்ப் படவரைஞர் ஒருவரே யோசித்து, ஒருவரே கீறியது. மூலையில் இருக்கும் இரண்டு எழுத்துத்தான் அவருக்குள்ள ஒரே சான்று.

தாளைத் திறந்தது

முப்பது வருடமாகச் சுருண்டு கிடந்த ரேசிங் பேப்பரைக் கையால் விரிக்கப் போனால் சத்தத்தோடு வெடிக்கும். வெளி விளிம்பில் ஏற்கெனவே மூன்று கீறல். அங்கேயே விரித்துக் காட்டச் சொன்னார்கள். நான் மறுத்தேன். அந்த அம்மாவிடம் எழுத்தில் பற்றுச்சீட்டுக் கொடுத்துக் குழாயோடு எடுத்துவந்தேன். மாரி முடிந்து, மாசியில்தான் கைவைத்தேன்.

பெரிய பிளாஸ்ரிக் தொட்டி ஒன்றில் ஈரத் துவாய் விரித்து, அதற்கு மேலே உயரமாக நைலோன் வலை கட்டி, வலையில் சுருளை வைத்து மூடினேன். தண்ணீர் தாளில் படக்கூடாது, ஈரக் காற்று மட்டும் போக வேண்டும். சாதாரணக் கடதாசிக்கு மணிக்கணக்கில் விடலாம். ரேசிங் பேப்பர் அப்படியில்லை. ஈரம் பட்டால் மளமளவென்று விரிந்து அலை அலையாக எழும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்தேன். இந்தியன் இங்க் என்பதால் கரையவில்லை. வேறு மை என்றால் இந்த முறையைத் தொட்டிருக்கவே மாட்டேன். சுருள் தானாகத் தளர்ந்ததும் ஒற்றுத்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கண்ணாடியும் பாரமும். ஒற்றுத்தாளை முதல் நாள் நான்கு தடவை மாற்றினேன். ஒரு வாரத்தில் படுத்துவிட்டது.

கீறல்களுக்கு மெல்லிய ஜப்பான் கடதாசியும் கோதுமை மாப் பசையும் போதும். செலோரேப் ஒட்டியிருந்த ஒரு இடம்தான் பெரும் பாடு. ரேப் உதிர்ந்துவிட்டது, அதன் பசை மஞ்சள் கறையாக உள்ளே இறங்கிவிட்டது. அதை முழுதாக எடுக்க முடியாது என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன். கறையை எடுக்கப் போய்க் கோட்டை எடுத்தவர்கள் உண்டு.

அமோனியா பிரின்ட் ஐந்தையும் தனி உறையில் போட்டேன். அவற்றிலிருந்து வரும் ஆவி பக்கத்துத் தாளைக் கறைப்படுத்தும். வீட்டில் பழைய படங்களை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். உண்மையான நீலப் படி, அதாவது நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடு உள்ளது, உங்களிடம் இருந்தால், காரம் சேர்த்த அமிலமற்ற உறையில் போட வேண்டாம். காரம் பட்டால் அந்த நீலம் வெளிறிவிடும். காரம் சேர்க்காத சாதா உறையே அதற்கு நல்லது.

கண்மட்டம்

இனித்தான் எனக்குப் பிடித்த பகுதி.

மேசை விளக்கைத் தாளின் பக்கவாட்டில் தாழ வைத்துப் பார்த்தால் மையில் தெரியாதவை எல்லாம் தெரியும். பென்சில் அழுத்திய தடம், சவர அலகால் சுரண்டித் திருத்திய இடம், உள்ளங்கை எண்ணெய் பட்ட மினுக்கம். இடது ஓரத்தில், விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே, ஒரு குண்டூசித் துளை. அதைச் சுற்றி எள்ளளவு கறள் வளையம். துளையிலிருந்து வலப்பக்கமாக விசிறி மாதிரிப் பென்சில் கோடுகள்.

பேர்ஸ்பெக்டிவ் கீறிப் பழகியவருக்கு அது என்னவென்று உடனே புரியும். ஒரு பக்கத்துக் கோடுகள் எல்லாம் போய்ச் சேரும் மறைபுள்ளி அது. அந்த இடத்தில் ஊசியைக் குத்தி, அடிமட்டத்தை ஊசியில் சாய்த்து, ஒவ்வொரு கோடாக இழுத்திருக்கிறார். ஊசியின் வலப்பக்கம் தாள் சற்றுத் தேய்ந்திருக்கிறது. எத்தனை தடவை அடிமட்டம் அதில் உரசியதோ தெரியாது. எனக்குத் தெரிந்த எந்தக் கையொப்பத்தையும் விட அது அவருடைய கையொப்பம் மாதிரி இருந்தது.

அந்தத் துளை வழியாகப் படுக்கையாகப் போகும் கோடுதான் கண்மட்டம். படத்தில் மையால் இழுக்கப்படவில்லை. ஆனால் றோட்டில் நிற்கும் மனிதர்களைப் பாருங்கள். பேப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவர், வேட்டி கட்டிய இருவர், தூரத்தில் குடை பிடித்த பெண். கிட்ட நிற்பவர் பெரிது, தூரத்தவர் சிறிது. ஆனாலும் எல்லாருடைய கண்ணும் அந்த ஒரே கோட்டில். கையைப் பிடித்துக்கொண்டு வரும் சின்னப் பிள்ளை மட்டும் கீழே. பார்ப்பவரும் அவர்கள் அளவு உயரத்தில் அதே றோட்டில் நிற்கிறார் என்பது அதன் பொருள்.

இதிலிருந்து அளவு எடுக்கலாம். நிலத்திலிருந்து எழும் எந்த நிமிர்ந்த கோட்டையும் கண்மட்டம் வெட்டும் இடம், பார்ப்பவரின் கண் உயரம். கட்டடத்தின் எந்த மூலையிலும் அது மாறாது. ஆகவே ஒரு இடத்தில் உண்மை அளவு தெரிந்தால் கண் உயரம் வரும். கண் உயரம் வந்தால் இல்லாமற்போன தூணின் உயரமும் வரும். ஒரே நிமிர்ந்த கோட்டில் இரண்டு அளவை எடுத்து விகிதம் பார்ப்பதால் இன்னொரு நன்மை உண்டு. ஈரத்தில் தாள் விரிந்திருந்தாலும் சுருங்கியிருந்தாலும் இரண்டும் சேர்ந்தே விரியும், சேர்ந்தே சுருங்கும். விகிதம் கெடாது.

தப்பி நின்ற பக்கச் சுவரின் முன்மூலை படத்தில் 110 மில்லிமீற்றர். அதே மூலையில் நிலத்திலிருந்து கண்மட்டம் 55. சரியாகப் பாதி. நேரில் போய் அளந்தோம். நிலத்திலிருந்து சுவர் முகடு 10 அடி 6 அங்குலம். அப்படியென்றால் கண் உயரம் 5 அடி 3 அங்குலம்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. எங்கள் அலுவலகங்களில் கண்மட்டம் 5 அடி எடுப்பார்கள், அல்லது 5 அடி 6 அங்குலம். 5 அடி 3 என்று ஒருவர் ஏன் எடுக்க வேண்டும்? இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு முற்றத்தில் நின்று றோட்டைப் பார்த்தபோது விளங்கியது. றோட்டை உயர்த்தியிருக்கிறார்கள், வெள்ளம் நிற்காமல் இருக்க முற்றத்துக்கும் மண் நிரவியிருக்கிறார்கள். மூலையில் மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தோம். ஆறு அங்குலம் கீழே பழைய நிலம், சிப்பியும் குருமணலும் கலந்த பழைய முற்றம். ஆக, சுவர் 11 அடி. கண் உயரம் 5 அடி 6 அங்குலம்.

அதற்குப் பிறகு எல்லாம் வந்தது. முன்தூண் நிற்கும் கோட்டில் நிலத்திலிருந்து கண்மட்டம் 66 மில்லிமீற்றர். அத்திவார மேடை 18, அதாவது 1 அடி 6 அங்குலம். தூண் தலை 126, அதாவது 10 அடி 6 அங்குலம். மேடையைக் கழித்தால் தூண் 9 அடி. கட்டைச்சுவரின் உச்சி 168, அதாவது 14 அடி.

அகலம் இவ்வளவு இலேசில்லை. வலது மறைபுள்ளி தாளுக்கு வெளியே. படத்தின் அச்சுப்படியை வாசிகசாலை நிலத்தில் விரித்து, கறுத்த நூல் பிடித்துக் கோடுகளை நீட்டினோம். படித்துக்கொண்டிருந்த பொடியள் நூலின் நுனியைப் பிடித்து உதவினார்கள். இரண்டு நூலும் சந்தித்த இடத்தில் ஒரு பையன் போத்தல் மூடியை வைத்தான். இரண்டு மறைபுள்ளியும் கிடைத்தன. பக்கச் சுவரின் நீளத்தை நேரில் அளந்திருந்தோம். அதிலிருந்து பார்ப்பவர் நின்ற இடத்தைக் கண்டுபிடித்து, தூணுக்குத் தூண் இடைவெளியைக் கணக்கிட்டேன். ஏழு அடிக்கு இரண்டு அங்குலம் குறைவாக வந்தது. கையால் கீறியதற்கு அது நல்ல முடிவு. ஏழு அடி என்று எழுதிக்கொண்டேன்.

தூண்கள் நான்கு. மூன்று சம இடைவெளி. படம் அதைத் தெளிவாகச் சொன்னது.

இரண்டா, நான்கா

கூட்டத்தில் நான்கு தூண் என்று சொன்னதும் பொருளாளர் எழும்பினார். எழுபத்தைந்து வயது. "ரெண்டு தூண் தான். நான் நாளாந்தம் சைக்கிள் சாத்தி வைச்ச தூணை எனக்குத் தெரியாதோ?" அவரோடு இன்னும் மூன்று பேர். கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு தம்பி, "படத்திலை நாலு கிடக்கு, அளவும் வந்திட்டுது, பிறகென்ன?" என்றார். பொருளாளருக்குக் கோபம் வந்துவிட்டது.

இங்கேதான் நான் அவசரப்படக்கூடாது என்று நினைத்தேன். தோற்றப்படம் கட்டுவதற்கு முன் கீறப்படுவது. கட்டியதற்குச் சாட்சி அல்ல, நினைத்ததற்குச் சாட்சி. ஆவணக் காப்பகங்களில் இருக்கும் பெரிய பெரிய கட்டடக் கலைஞர்களின் தோற்றப்படங்களில் எத்தனையோ கட்டப்படாதவை, பாதியில் மாறியவை. நினைவும் தவறலாம், படமும் வேறாக இருக்கலாம். நிலம்தான் மூன்றாவது சாட்சி.

மேசன் ஒருவரோடு முன்பக்கத்தை மெதுவாகக் கிண்டினோம். ஏழு அடிக்கு ஏழு அடி, நான்கு அத்திவாரம் இருந்தன. தம்பி சிரித்தார். அப்போது மேசன் குனிந்து நடு இரண்டையும் தடவினார். "இதிலை தூண் இருந்திருக்கு. பாருங்கோ, ஒடிஞ்ச கட்டு." ஓரத்து இரண்டின் மேற்பரப்பு மட்டமாக, வழவழப்பாக, ஒரு பாரமும் ஏறாமல் இருந்தது. சாந்து ஒட்டிய அடையாளமே இல்லை.

பொருளாளர் சரி. படமும் சரி. அத்திவாரம் நான்குக்குப் போட்டு, தூண் இரண்டோடு நிறுத்தியிருக்கிறார்கள். 21 அடி விறாந்தைக்குப் பதிலாக நடுவில் ஏழு அடி முகப்பு. பிறகு ஒரு வீட்டுக் கலியாண அல்பத்தில் மாப்பிள்ளையின் கார் வாசிகசாலையைக் கடக்கும் படம் கிடைத்தது. காரின் பின்னால், அரைகுறையாக, அந்த ஒடுங்கின முகப்பு.

ஏன் நிறுத்தினார்கள் என்பதை அந்த அம்மாதான் சொன்னார். "காசு காணாதெண்டு ரெண்டை விட்டவை. வாற வருசம் எழுப்புவம் எண்டவை. அவர் அந்தப் பக்கம் போகேக்கை எல்லாம் பாத்துப் பாத்துக் கவலைப்படுவார். அதாலைதான் அந்தப் படத்தைக் குடுக்கேல்லை. எப்பவாவது கேப்பினம் எண்டு வைச்சிருந்தவர்."

இதைச் செயலாளர் அடுத்த கூட்டத்தில் அப்படியே சொன்னார். சபை அமைதியாகிவிட்டது. இரண்டு கட்ட வேண்டும் என்பது என் அபிப்பிராயம், அதைச் சொன்னேன். முன்னம் இருந்த மாதிரி என்று தீர்மானம் எடுத்துவிட்டு, முன்னம் ஒருநாளும் இல்லாததைக் கட்டினால் அடுத்த தலைமுறை நான்கு தூணையே பழைய முகப்பு என்று நம்பும். வெறுமையாக நின்ற இரண்டு அத்திவாரமும் இந்த ஊரின் வரலாறு. அவற்றை நிலமட்டத்தில் தெரியும்படி விடலாம் என்றேன்.

வாக்கெடுப்பு நடக்கவில்லை. பொருளாளர்தான் முடித்து வைத்தார். "அந்தாள் சைக்கிளிலை கட்டிக்கொண்டு போயிருக்கு. நாலும் எழுப்புவம்."

நான் இன்னும் இரண்டு தூண் பக்கம்தான். ஆனால் அந்த முடிவை எடுக்கும் உரிமை அவர்களுடையது.

கோப்பில் இருப்பவை

மூலப்படத்தை இனிச் சுருட்டவில்லை. தட்டையான உறையில், இருட்டில் இருக்கிறது. குழாயையும் எறியவில்லை. மூடியில் இன்னும் மெழுகு ஒட்டியிருக்கிறது. அதுவும் ஆவணத்தின் பகுதிதான் என்று பட்டியலில் எழுதினேன். படத்தை 400 டிபிஐயில் ஒரு தடவையும், பக்கவாட்டு வெளிச்சத்தில் துளையும் பென்சில் தடமும் தெரியும்படி இன்னொரு தடவையும் பதிவு செய்தோம். மின்படி மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று குடும்பத்திடம், ஒன்று சபையிடம், ஒன்று என்னிடம். 2005இலிருந்து ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் சேர்த்துவரும் 'நூலகம்' என்ற இணைய ஆவணகம் போன்ற இடத்துக்கும் கொடுப்பதா என்பதைக் குடும்பம் யோசித்துக்கொண்டிருக்கிறது. வரைந்தவர் என்ற இடத்தில் அவருடைய முழுப்பெயரை எழுதினேன். அதை அவருடைய மனைவி தன் கையால் சரிபார்த்துக் கையொப்பமிட்டார்.

கோப்பின் முதற் பக்கத்தில் மூன்று வரி. 1963இல் கீறியது நான்கு தூண். கட்டியது இரண்டு, நடுவில் உள்ளவை. இப்போது எழுப்பியது நான்கு, ஓரத்து இரண்டும் புதியவை. அந்த ஓரத்து இரண்டு தூணின் அடியிலும் கட்டிய ஆண்டைச் சாந்தில் கீறி வைக்க வேண்டும் என்று கேட்டேன். மேசன் அதைச் செய்து தந்தார். ஆணி நுனியால், தெளிவான எழுத்தில்.

போன ஆவணி திறப்பு நடந்தது. அந்த அம்மாவை வாங்கில் இருத்தி, முகப்புக்கு எதிரே, படத்தில் பார்ப்பவர் நிற்கும் இடத்துக்குக் கிட்டவாக வைத்திருந்தார்கள். அடுத்த நாள் காலை நான் அளவு சரிபார்க்கப் போனபோது வாசிகசாலை திறந்திருந்தது. பொருளாளர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய சைக்கிள் இடப்பக்கத்திலிருந்து இரண்டாவது தூணில் சாத்தியிருந்தது.